மான் தடம் தெரிந்தவர்களுக்கு மலையில் வேலை கொடுங்கள்

மேல்நாட்டில் உரிமம் வாங்கி மான் சுடுகிறார்களே, கல்வராயன் மலையில் மட்டும் ஏன் கூடாது என்று எங்கள் ஊர் டீக்கடையில் அடிக்கடி கேட்கிறார்கள். மலைக்காரன் என்றாலே வேட்டைக்காரன்தான், துப்பாக்கியைப் பிடுங்கி வழக்குப் போட்டுவிட்டால் காடு பிழைத்துக்கொள்ளும் என்று பேசுகிறவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒன்று விட்டுப்போகிறது. மான் எந்த மாதத்தில் எந்தச் சரிவில் நிற்கும், எங்கே தண்ணீருக்கு இறங்கும், எந்தப் புல்லுக்குள் குட்டியை ஒளித்து வைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரு தலைமுறை இந்த மலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்ததைக் காட்டைப் பராமரிக்கும் வேலைக்கு அரசு சம்பளம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது, அதனால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

நான் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் விவசாயம் பார்ப்பவன். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறேன். காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கும் என் வரப்புக்கும் நடுவே ஒரு ஓடைதான். எனக்குக் காட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மலைமேல் இருக்கும் ஒரு பெரியவர். என் அப்பா காலத்தில் கடுக்காயும் புளியும் சுமந்துகொண்டு இறங்குவார், எங்கள் திண்ணையில் படுத்துவிட்டு மறுநாள் ஏறுவார். இளவயதில் வேட்டைக்குப் போனவர். அதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் ஓடை மணலைக் கடக்கும்போது அவர் கால் தானாக நின்றுவிடும்.

"தம்பி, குளம்பு ரெண்டும் ஒட்டிப் பதிஞ்சிருந்தா நிதானமா நடந்து போயிருக்குன்னு அர்த்தம். விரிஞ்சு, பின்னால ரெண்டு பொட்டு விழுந்திருந்தா வெரண்டு ஓடியிருக்கு. எது வெரட்டுச்சுன்னு பக்கத்துல தேடு."

தேடினால் நாய்க் கால்தடம் இருக்கும். புழுக்கையைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, பளபளப்பாக ஈரத்தோடு இருந்தால் விடியற்காலையில் போனது, வெளுத்து உதிர்ந்தால் வாரத்துக்கு மேல் ஆனது என்பார். இளமரத்தின் பட்டை முட்டி உயரத்துக்குமேல் உரிந்திருந்தால் கிடா கொம்பு உரசிய இடம். தாழ்ந்த கிளையின் நுனி ஒடிந்திருந்தால், கிடா பின்னங்காலில் எழும்பி முகத்தை அதில் தேய்த்துத் தன் வாடையை விட்டுப்போயிருக்கிறது. நான் இதையெல்லாம் படம் போட்ட புத்தகங்களில் பிற்பாடு படித்தேன். அவர் எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை.

மாதக்கணக்கு இன்னும் நுணுக்கமானது. வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தையில் புல் இடுப்பளவு நிற்கும். இந்தப் பக்கத்துப் புள்ளிமான்கள் பெரும்பாலும் அப்போதுதான் குட்டி போடுகின்றன. தாய் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு எட்ட நின்று மேயும். குட்டி அசையாது. ஆடு மேய்க்கப் போகிறவன் கூடவே போகும் நாய் அதைக் கண்டுபிடித்துவிடும். சினை மானையும் குட்டியோடு நிற்பதையும் தன் அப்பா யாரையும் அடிக்க விடமாட்டார் என்று பெரியவர் சொல்வார். அந்தக் கட்டுப்பாடு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைத்தது இல்லை.

மாசியில் இலை உதிர்ந்து காடு வெளிச்சமாகிவிடும். தடம் பார்க்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. மழைக்காலத்தில் புதருக்குள் மறைந்திருந்த மான் தடங்கள் எல்லாம் மண்ணில் கோடு கோடாகத் தெரியும். எந்தப் பாறை இடுக்கில் ஊற்று இன்னும் கசிகிறது, எந்தக் குட்டை வற்றிவிட்டது என்று ஒரே நடையில் தெரிந்துகொள்ளலாம். காட்டுத்தீ தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டுமானால் அதற்குமுன் வெட்டியாக வேண்டும்.

பங்குனி, சித்திரைதான் மானுக்குச் சோதனை. புள்ளிமான் தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது, கோடையில் அனேகமாகத் தினமும் குடிக்க வேண்டும். அதே சமயம் கிடாக்களுக்குக் கொம்பு முற்றி இணைசேரும் காலமும் அதுவே. இரவில் கரகரத்த குரலில் கத்துவது என் வீட்டு வாசல் வரை கேட்கும். தண்ணீர் தேடி இறங்குகிற மான், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. தெருநாய்கள் சூழ்ந்து கடிக்கின்றன. சேலம்-உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில் லாரியில் அடிபடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் இந்த மாவட்டத்துச் செய்திப் பக்கங்களில் இப்படிச் செத்த மானின் படம் வராமல் இருப்பதில்லை. ஆடி, ஆவணியில் நாலு மழை விழுந்து புதுப்புல் தலைகாட்டியதும் கூட்டம் கலைந்து மேலே ஏறிவிடும். அதன்பின் கிடாக்கள் கொம்பை உதிர்க்கும். நாங்கள் ஆடிப்பட்டத்தில் போட்ட சோளம் கதிர் பிடிக்கும்போது மானைவிடக் காட்டுப்பன்றிதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு நிலம் வைத்திருப்பவர்களும் இதே வேலையைத்தான் வருடம் முழுக்கச் செய்கிறார்கள். வேட்டைப் பருவம் முடிந்ததும் இலையுதிர்ந்த காட்டில் நடந்து தடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டுகிறார்கள். மானுக்கென்றே தீவனப்பயிர் விதைக்கிறார்கள், நெருக்கமான மரங்களைக் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள், அளவாகத் தீ வைத்துப் புல் வளர்க்கிறார்கள். 1933இல் ஆல்டோ லியோபோல்ட் என்பவர் காட்டுயிர் பராமரிப்பு பற்றி எழுதிய நூல் இதற்கெல்லாம் அடிப்படை. உணவு, மறைவிடம், தண்ணீர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விலங்கு தானே பெருகும் என்று அவர் காட்டினார். 1937இல் துப்பாக்கி, தோட்டா மீது போட்ட வரியைக் காட்டுயிர்ப் பணிக்கே திருப்பிவிடச் சட்டம் செய்தார்கள். 1900 வாக்கில் ஏறத்தாழ 5 லட்சமாகச் சுருங்கிப்போயிருந்த அங்குள்ள வெண்வால் மான்கள் இன்று சுமார் 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் இங்கேயும் உரிமம் கேட்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அங்கே சுடுவதற்குமுன் எண்ணுகிறார்கள். எந்த மாவட்டத்தில் எத்தனை, அதில் கிடா எத்தனை, பெட்டை எத்தனை என்று பார்த்து அதற்கேற்ப உரிமம் கொடுக்கிறார்கள். கல்வராயன் அடிவாரத்தில் இரவு வேட்டைக்குப் போகிறவன் கையில் இருப்பது உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும், நெற்றியில் கட்டிய விளக்கும். விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிற கண் பெட்டை மானுடையதா, குட்டியுடையதா, புதருக்குப் பின்னால் இன்னொரு மனிதன் நிற்கிறானா என்று அவனுக்குத் தெரியாது. வேட்டைக்குப் போன கூட்டாளியே குண்டடிபட்டுச் செத்த கதைகள் மலைக்கிராமங்களில் இருக்கின்றன. கண்ணி அதைவிட மோசம். சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு வைத்தவன் மறந்துவிட்டுப் போய்விடுவான். கம்பி மறக்காது, மாதக்கணக்கில் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறிய பன்றியை என் மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில் பார்த்திருக்கிறேன். அது சாக இரண்டு நாள் ஆயிற்று. இந்த நிலையில் வேட்டையைத் திறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நம் புள்ளிமானே கடல் தாண்டிப் போன இடங்களில் பெருந்தொல்லை ஆகியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தமானில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்டார்கள். ஹவாய்த் தீவுகளுக்கு 1860களில் அரசருக்குப் பரிசாகப் போயிற்று. அடித்துத் தின்னும் விலங்கு எதுவும் இல்லாத அந்தத் தீவுகளில் அவை காட்டின் இளங்கன்றுகளை மொட்டையடித்துவிட்டன. கல்வராயனிலும் இன்று புலி இல்லை. நாளை இங்கே மான் அளவுக்கு மீறிப் பெருகினால் என்ன செய்வது என்ற கேள்வி வரலாம். அதற்கும் முதலில் எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்து சொல்ல ஆள் வேண்டும்.

வேட்டைச் சட்டங்களின் கதையில் மலைக்காரர்கள் எப்போதுமே தோற்ற பக்கம்தான். 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, உரிமமும் பருவமும் வெள்ளைக்காரத் துரைமார்களின் வேட்டைக்கு வசதியாக அமைந்தன. காலங்காலமாக அந்தக் காட்டில் இருந்தவன் ஒரே நாளில் திருட்டு வேட்டைக்காரன் ஆனான். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களோடு, எல்லோருக்கும் கதவை மூடியது. அது சரியான சட்டம், அப்போது மூடாமல் விட்டிருந்தால் பல விலங்குகள் இன்று இருந்திருக்காது. அதன்பின் 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்றுக்கொண்டது. வேட்டையாடவும் பொறி வைக்கவும் இருந்த உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவைத்தது. இது பலருக்குத் தெரியும். அதே சட்டம் சமூக வன வளத்தைப் பாதுகாக்க, மீட்டெடுக்க, நிர்வகிக்க உரிமை கொடுத்திருப்பதும், காட்டுயிரையும் நீர்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்திருப்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. எடுத்தது நடந்தது. கொடுத்ததை எங்கள் பக்கத்து மலையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

கொடுக்காமல் விட்டதற்கு விலை என்ன என்று 2015 ஏப்ரல் 7ஆம் தேதி பார்த்தோம். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள், மலைக்கிராமத்து ஆட்கள் பலர். இருட்டில் காட்டுக்குள் வழி தவறாமல் நடக்கவும், பாறையில் சுமையோடு ஏறவும், நாள்கணக்கில் காட்டிலேயே தங்கவும் தெரிந்தவர்கள் என்பதால்தான் தரகர்கள் இந்த மலைகளுக்குத் தேடி வருகிறார்கள். காடு தெரிந்தவனுக்கு நேர்மையான கூலி கிடைக்காத இடத்தில் கடத்தல்காரன் கூலி நிர்ணயிக்கிறான். 2024இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் பற்றிப் பேச்சு வந்தது. அவை முதலில் வர வேண்டியவைதான். மலையில் பிறந்த பிள்ளை மலையிலேயே செய்யக்கூடிய வேலை என்ன என்ற கேள்வியையும் அதோடு சேர்க்க வேண்டும்.

காடு தெரிந்தவர்களுக்கே காட்டைக் காக்கும் பொறுப்பைக் கொடுப்பதை மற்ற இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். தேக்கடியில், பெரியாறு காட்டுக்குள் பட்டை திருடிக்கொண்டிருந்தவர்களையே 1990களில் குழுவாக்கிக் காவலுக்கும் பயணிகளுக்கு வழிகாட்டவும் அமர்த்தினார்கள். எந்தப் பாதையில் திருடன் வருவான் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாகாலாந்தின் கோனோமா கிராமம் வேட்டைக்குப் பேர்போனது. 1998இல் ஊரே கூடித் தன் காட்டில் வேட்டையைத் தடை செய்து, அதைச் சரணாலயமாக்கியது. நம் மாநிலத்திலேயே 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 என்று எண்ணிட்ட புலியைத் தேடி அலைந்தபோது, டிரோனும் கேமராவும் இருந்தும் பழங்குடித் தடம் பார்ப்போரைக் கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள். புலிக்கு ஒரு நியாயம், மானுக்கு ஒரு நியாயமா?

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் விலங்குகள் குடிக்கக் காட்டோரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். நல்ல எண்ணத்தில் கட்டியதுதான். டேங்கர் வந்து தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று சாலையை ஒட்டிக் கட்டினார்கள். குரங்கு குடித்தது, தெருநாய் குடித்தது, மானைக் காணோம். பெரியவரை அழைத்துப்போய்க் காட்டினேன். ஒரு பிடி மண்ணை எடுத்துக் காற்றில் உதறினார்.

"காத்து ரோட்டுப் பக்கமிருந்துல்ல அடிக்குது. மனுசன் வாடை, நாய் வாடை அத்தனையும் தொட்டி மேல வருது. மான் எப்படித் தம்பி வரும்? வந்தாலும் குடிச்சிட்டு ஓட மறைவு எங்க இருக்கு?"

அங்கிருந்து ஓடை வழியே மேலே கூட்டிப்போனார். உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து குனிந்துதான் போக முடிந்தது. ஒரு சரிந்த பாறைக்கு அடியில் மணல் ஈரமாக இருந்தது. கையால் தோண்டினார், முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. சுற்றிலும் பழைய குளம்புத் தடங்கள். இரண்டு ஆள் ஒரு நாள் மணலை வாரி, வாய்ப்பக்கம் நாலு கல் அடுக்கினால் சித்திரை முடியத் தண்ணீர் நிற்கும் என்றார். டேங்கர் வேண்டாம், டீசல் வேண்டாம், மான் சாலைக்கும் கிணற்றுக்கும் இறங்க வேண்டிய அவசியமும் குறையும். மலையில் இப்படி எத்தனை ஊற்றுகள் மூடிக்கிடக்கின்றன என்று அவரைப் போன்ற நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்தால் ஒரு மாலையில் பட்டியல் போட்டுவிடலாம். உண்ணிச்செடியும் அப்படித்தான். புல் முளைக்க வேண்டிய வெளியை எல்லாம் அது அடைத்துக்கொண்டிருக்கிறது, மேய்ச்சல் இல்லாமல் மான் எங்கள் முளைப்பயிருக்கு வருகிறது. அந்நியச் செடிகளை அகற்றக் கொள்கை அறிவித்திருக்கிறது தமிழக அரசு. எந்தச் சரிவில் முதலில் அகற்ற வேண்டும், எந்தப் புதரை மறைவுக்காக விட்டுவைக்க வேண்டும் என்று தெரியாமல் பொக்லைனை இறக்கினால் மண்தான் போகும்.

பன்றி விஷயத்திலும் இந்த அறிவுதான் வேண்டும். 2025 ஜனவரியில் அரசு ஒரு வழிமுறை கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி விவசாயிக்கு அது ஓரளவு உதவும். என் நிலம் எல்லைக்கல்லை ஒட்டியே இருக்கிறது. அடிவாரத்தில் பயிரிடும் பெரும்பாலோர் நிலை இதுதான். எங்களுக்கு அந்த உத்தரவில் ஒன்றுமில்லை. அதனால்தான் பலர் திருட்டு மின்வேலி போடுகிறார்கள், அதில் பன்றியோடு மானும் சாகிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் சாகிறான். பன்றி எந்த ஓடை வழியாக ஏறி எந்த வரப்பில் இறங்குகிறது என்று தடம் பார்த்துச் சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தால், அந்த வழியை மட்டும் விதிப்படி சூரிய வேலி போட்டு அடைக்கலாம். கூட்டுக் காவலுக்குப் பரணை எங்கே கட்டுவது என்பதும் அப்படியே. இந்த மலைகளில் தினைப்புனம் காத்தவர்களின் வழிவந்தவர்களுக்கு இது புதிது இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர் வேலைக்கு மலைக்கிராமத்து இளைஞர்களை எடுங்கள், ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திராமல் நிரந்தரமாக்குங்கள். தடம் பார்க்கத் தெரிந்த மூத்தவர்களுக்கு வயது, படிப்புச் சான்று கேட்காமல் பயிற்றுநராக மாத ஊதியம் கொடுங்கள். மாசியில் ஒரு நடை, ஆவணியில் ஒரு நடை என்று அவர்களோடு இளைஞர்கள் காட்டுக்குள் போய் மான் தடம், ஊற்று, கண்ணிக் கம்பி எல்லாவற்றையும் குறித்து வரட்டும். அந்தக் குறிப்பேடு கிராம சபையில் இருக்கட்டும், நகல் வனக்கோட்டத்துக்குப் போகட்டும். கண்ட கம்பியை அங்கேயே அறுத்து எடுத்துவரட்டும். துப்பாக்கியைத் தானாகக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவன்மீது வழக்குப் போடாமல் அவன் பெயரை இந்த வேலைக்கு எழுதுங்கள். பணத்துக்கு, காடு அழித்ததற்கு ஈடாக வசூலிக்கும் நிதி 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்திடம் இருக்கிறது.

அப்படிச் செய்தால் வேட்டை நின்றுவிடுமா என்று கேட்பார்கள். ஒரேயடியாக நிற்காது. திருவிழாவுக்கு நகரத்திலிருந்து காரில் வந்து கறி கேட்கிறவன் இருக்கும்வரை விற்கிறவனும் இருப்பான், அவன்மீது சட்டம் பாயத்தான் வேண்டும். ஆனால் ஊரில் நாலு குடும்பம் மான் உயிரோடு இருப்பதால் சம்பளம் வாங்கினால், இரவில் காட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டதும் வனத்துறைக்குப் போன் போகும். இன்று யாரும் போன் செய்வதில்லை. செய்தால் காட்டிக்கொடுத்தான் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்க வேண்டும். அவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், பங்குனி தொடங்கிய சமயம். கல்வராயன் மலை ஒன்றியத்தின் ஊராட்சிகள் அந்த நாளில் மூடிய ஊற்றுகளின் பட்டியலையும் தடம் தெரிந்த மூத்தவர்களின் பெயர்களையும் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் வன அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அடிவார ஊராட்சிகளில் நாங்களும் அதே தீர்மானத்தைப் போடுகிறோம். பெரியவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்து மேலே இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்களாம், அதில் மூன்று பேருக்குக் கண் மங்கிவிட்டது.